மலையக டவுன ஒயில்ல வரையும்போது எங்க பிழைக்குது, எப்படித் திருத்துறது

ஒயில் பெயின்டிங் சொல்லித்தர்ற புத்தகம் எழுதினவங்க முக்காவாசிப் பேர் சமதரையில நின்னவங்க. அவங்களுக்கு ரோடு நேரா போகும், வானமும் தரையும் தொடுற கோடு கண்ணுக்கு முன்னால தெரியும், பெயின்ட் சொன்ன நாள்ல காயும். நம்ம இலங்கை மலையகத்துல, ஹட்டன்லயோ ஹப்புத்தளையிலயோ, படம் வைக்கிற ஸ்டாண்ட (easel) விரிச்சா முதல்ல அதோட ஒரு காலுக்கு கல்லு முட்டுக் கொடுக்கணும், அதுக்குள்ள பனி ஏறி எதிர்க்கடை காணாமப் போயிடும். அதனால புத்தகத்துல உள்ளபடியே செஞ்சும் படம் பிழைச்சுப் போச்சுன்னா உடனே கைய நோகாதீங்க. நான் ரொம்பக் காலம் கடை போர்ட் எழுதின ஆள், ஒயிலுக்கு வந்தது பிந்தி, கீழ சொல்ற பிழையில பாதிக்கு மேல நானே செஞ்சு பாத்தது. உங்க படத்துல என்ன குறையோ அந்த எடத்துக்கு நேரா போங்க, முழுசும் வாசிக்கணும்னு இல்ல.

கடையெல்லாம் ரோட்டோட சேர்ந்து வழுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு வர்ற முதல் வியாதி இதுதான். என் அக்கா மகன் ஒரு படத்த தூக்கிட்டு வந்தான், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருந்து மேல ஏறுற ரோடு, ரெண்டு பக்கமும் கடை. "மாமா, எல்லாம் ஸ்கேல் வச்சுத்தான் கோடு போட்டேன், ஆனா கடையெல்லாம் சரியுது, பாருங்களேன்"னான். கோடெல்லாம் எங்கடா போய் சேருதுன்னு கேட்டேன். "ஒரே புள்ளியிலதான் மாமா, அப்படித்தானே சொல்லிக் கொடுத்தாங்க."

அங்கதான் பிழை. சமதரை ரோட்டுல ரோட்டோரமும் கடை ஜன்னல் கோடும் ஒரே புள்ளிக்குப் போகும், அந்தப் புள்ளி உங்க கண் மட்டத்துல இருக்கும். ஆனா ஏத்தத்துல கடை கட்டின மேசன் ரோட்ட பாத்து கட்டல, லெவல் பாத்துத்தான் கட்டியிருக்கார், அதனால ஜன்னல், கதவு நிலை, போர்ட், மாடி விளிம்பு இதெல்லாம் கண் மட்டத்துப் புள்ளிக்குத்தான் போகும், ரோட்டோட ரெண்டு ஓரமும் மட்டும் அதுக்கு நேர் மேல இன்னொரு புள்ளியில போய் சேரும், ஏத்தம் செங்குத்தாக ஆக அந்தப் புள்ளியும் மேல ஏறும். இறக்கம்னா இதே கதை தலைகீழ, ரோட்டுப் புள்ளி கண் மட்டத்துக்குக் கீழ போயிடும். ஹப்புத்தளை டவுன்ல நின்னு பெரகலை பக்கம் இறங்குற ரோட்ட பாருங்க, ரோடு ஆகாயத்துக்குள்ள விழுந்துடும் போல இருக்கும், ஆனா பக்கத்துக் கடையோட ஷட்டர் பெட்டி லெவலாத்தான் நிக்கும். ரெண்டையும் ஒரே புள்ளிக்கு இழுத்தா ஒண்ணு ரோடு சமதரையாயிடும், இல்லாட்டி கடை குடிச்ச ஆள் மாதிரி சாயும்.

சரி, அந்தக் கண் மட்டம் எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? கடல் இருந்தா தெரியும், நமக்கு எங்க கடல். இங்க நிறையப் பேர் தூரத்து மலை முகட்ட horizon கோடுன்னு நெனச்சு வச்சுக்கிறாங்க, மலை முகடு வேற கண் மட்டம் வேற, முகடு அனேகமா உங்க கண்ணுக்கு ரொம்ப மேலதான் இருக்கும். நான் செய்யிறது, தண்ணி பாதி இருக்கிற, உள்ள தெரியிற பிளாஸ்டிக் போத்தல கண்ணுக்கு நேரா தூக்கிப் புடிப்பேன். மேல இருந்து பாத்தா தண்ணியோட மேல்பக்கம் முட்டை வடிவமா தெரியும், கொஞ்சம் கொஞ்சமா தூக்கினா அது ஒடுங்கி ஒடுங்கி ஒரே கோடா வரும். அந்தக் கோட்டுக்கு நேரா எதிர்க்க என்ன தெரியுதோ, ஒரு கடையோட ரெண்டாம் மாடி ஜன்னலா இருக்கலாம், கரண்ட் கம்பத்தோட நடுவா இருக்கலாம், அதுதான் உங்க கண் மட்டம். அத முதல்ல கேன்வஸ்ல ஒரு மெல்லிசுக் கோடா போட்டுட்டுத்தான் மத்த வேலை. செங்குத்துக் கோடுக்கு நூல்ல ஒரு நட்ட கட்டித் தொங்க விட்டு பாருங்க, ஏத்தத்துல நிக்கும்போது நம்ம தலையே கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், கண்ண நம்பக் கூடாது.

இன்னொண்ணு, இத யாரும் சொல்லித் தர்றதில்ல. ஏத்தத்துல இருக்கிற ஒரு கடையோட அடிய கிட்டப் போய் பாருங்க. மேல் பக்க மூலையில ரோடும் கடைத் தரையும் ஒண்ணா இருக்கும், கீழ் பக்க மூலையில மூணு படி இருக்கும், அந்தப் படியில யாராவது மரக்கறி சாக்க வச்சிருப்பாங்க, நடுவுல சிமெந்துத் திண்ணை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் ஒண்ணுமில்லாம முடியும். அந்த ஆப்பு வடிவத்த சரியா வரைஞ்சா போதும், பெர்ஸ்பெக்டிவ் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பாக்கிறவங்களுக்கு ஏத்தம்னு கால் சொல்லிடும். முன்னால நான் அத எல்லாம் மறைச்சு ரோட்டோரத்துல புல்ல போட்டு சமாளிச்சேன், சரிவே இல்லாமப் போச்சு.

ஏற்கெனவே வரைஞ்ச படத்தத் திருத்தணும்னா ஆறு கடைய நகத்தாதீங்க, ரோட்ட மட்டும் நகத்துங்க. ஈரமா இருந்தா பெயின்டிங் கத்தியால சுரண்டி துணியால துடைச்சிட்டு திரும்ப போடலாம். காஞ்சிருந்தா மேட்டுத் திட்டுகள மட்டும் தண்ணி தொட்ட ஈர எமரித் தாளால தேய்ச்சு எடுங்க. உலர்ந்த தூசிய சுவாசிக்காதீங்க, கட்மியம் மாதிரி சில நிறத்துல விசம் இருக்கு.

பனி போட்டேன், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு

கடைசியா வெள்ளைய எடுத்து மேல தேய்ச்சிருப்பீங்க. பனி அப்படி வர்ற சாமான் இல்ல. பனியில முதல்ல செத்துப் போறது கறுப்பு. பத்தடியில வர்ற ஆளோட குடை கறுப்பு, அடுத்த கடை வாசல்ல நிக்கிறவரோட குடை ஸ்லேட் நிறம், அதுக்கு அங்கால இருக்கிற குடைக்கும் செவுருக்கும் வித்தியாசமே கஷ்டப்பட்டுத்தான் தெரியும். வெளிச்சமான சாமான்ல இந்த மாத்தம் அவ்வளவு வேகமா வராது. அதனால தூரத்துல இருக்கிறதோட இருட்டத்தான் தூக்கணும், வெளிச்சத்த ஏத்தக் கூடாது.

செய்யிற விதம் இப்படி. ஆரம்பத்துலயே பேலட்ல பனி நிறத்த ஒரு பெரிய குவியலா கலந்து வச்சுக்கங்க, டைட்டேனியம் வெள்ளை, அல்ட்ரமரின் நீலம், பர்ன்ட் சியென்னா, ஒரு நுனி யெல்லோ ஓக்கர். ஓக்கர விட்டுடாதீங்க, வெறும் வெள்ளையும் நீலமும்னா ஐஸ் பெட்டிக்குள்ள பாத்த மாதிரி இருக்கும். முதல் கடையோட நிறத்துல இந்தக் குவியல்ல இருந்து ஒரு தொடு, ரெண்டாவதுக்கு அதிகம், கடைசிக் கடை அனேகமா குவியலேதான். இப்படிப் போனா பனின்னு தனியா ஒண்ணும் வரையத் தேவையே இல்ல, தானா வந்து நிக்கும். பெயின்ட் ஈரமா இருக்கும்போதே தூரத்துக் கட்டடத்தோட ஓரத்த ஒரு காஞ்ச பிரஷ்ஷால மெல்லமா தடவி விடுங்க.

பஸ் லைட் தெரியலன்னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான். படம் முழுக்க வெள்ளைய செலவழிச்சிட்டா லைட்டுக்கு மிச்சம் என்ன இருக்கு? பனிய நீங்க நெனைக்கிறதவிட ஒரு படி இருட்டா வச்சுக்கங்க, சுத்த வெள்ளை அந்த ரெண்டு புள்ளிக்கு மட்டும், சுத்தி வர்ற ஒளிவட்டம் மஞ்சள் கலந்த மங்கலா பனிக்குள்ள கரைஞ்சு போகணும்.

காஞ்ச படத்துல பனி ஏத்தணும்னா அதே குவியல் நிறத்த பிரஷ்ல மிகக் கொஞ்சமா எடுத்து, விறைப்பான பிரஷ்ஷால தேய்ச்சு தேய்ச்சு, கீழ உள்ளது தெரியிற மாதிரி போடுங்க. தூரத்துல ஆரம்பிச்சு கிட்ட வரவர நிறுத்திக்கங்க.

ரெண்டு கிழமை ஆச்சு, இன்னும் கையில ஒட்டுது

ஒயில் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயிறதில்ல, காத்துல உள்ள ஒட்சிசன எடுத்து இறுகுது. குளிர்னா அந்த வேலை மெதுவாகும், நுவரெலியா 1868 மீட்டர்ல இருக்கு, அங்க ராத்திரிக் குளிர்ல பெயின்ட்டும் நம்மளப் போல சுருண்டு படுத்திடும். பதுளை 680 மீட்டர், அங்க அதே டியூப் அதே ஆள் போட்டாலும் சீக்கிரம் இறுகும். மழையும் பாத்து வேலைய அமைச்சுக்கங்க. மே கடைசியில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் மழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்த நனைக்கும், அதே ஜூலை ஆகஸ்ட்ல பண்டாரவளை பக்கம் காஞ்ச காத்து அடிக்கும். பண்டாரவளை இருக்கிற ஊவா பக்கத்துக்கு பெரிய மழை வர்றது அக்டோபருல இருந்துதான். நான் ஜூலையில தடிச்ச பெயின்ட்ல ஒண்ணும் தொடங்க மாட்டேன், சின்ன போர்ட்ல மெல்லிசா ஒரே இருப்புல முடிக்கிற படம்தான்.

நிறத்துக்கு நிறம் வேற. அம்பர்ங்கிற மண்ணிற வகையில மாங்கனீஸ் இருக்கிறதால மெல்லிசா போட்டா ஒரு நாள் ரெண்டு நாள்ல தொடலாம், ஐவரி கறுப்பும் அலிசரினும் கட்மியமும் இழுத்தடிக்கும். வெள்ளை டியூப்ல சாஃப்ளவர் ஒயில்னு போட்டிருந்தா அதுவும் லேட்தான். அதனால அடி லேயருக்கு அம்பரும் பர்ன்ட் சியென்னாவும் வச்சுக்கங்க, கறுப்ப அடியில போடாதீங்க. அவசரம்னா சீக்கிரம் இறுக வைக்கிற அல்கைட் மீடியம் கொஞ்சம் சேருங்க, அது உண்மையிலேயே வேலை செய்யும்.

இப்ப என் முட்டாள்தனம் ஒண்ணு சொல்றேன். ஆரம்பத்துல டர்பன்டைன் வாங்க காசில்லாம மண்ணெண்ணெய் ஊத்திக் கலந்து ஒரு டவுன் படம் போட்டேன், சாமியறைக்குப் பக்கத்துல வச்சது, ரெண்டு மாசம் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, வீடு முழுக்க குப்பி லாம்பு வாசம், கடைசியில அதுல ஒட்டின ஈசல் சிறகுகூட இன்னும் இருக்கு. மண்ணெண்ணெய் சரியா பறந்து போகாது, எண்ணெய்ப் பிசுக்க விட்டுட்டுத்தான் போகும். பிரஷ் முதல் கழுவலுக்கு வேணும்னா வச்சுக்கங்க, பெயின்ட்ல ஒரு சொட்டும் வேணாம்.

அடுப்புப் பக்கத்துல வச்சு காய வைக்கவும் வேணாம். மேல்தோல் இறுகி உள்ள ஈரமா நின்னு சுருங்கிடும், புகையும் ஒட்டும். வெளிச்சமும் காத்தும் வர்ற ஜன்னல் பக்கம்தான் சரி. இன்னொண்ணு இது விளையாட்டில்ல: லின்சீட் (ஆளி விதை) ஒயில் நனைஞ்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, அது தானா சூடேறி தீப்பிடிக்கும். லயத்துக் காம்பராவுல, பலகைத் தடுப்புக்குப் பக்கத்துல அப்படி ஒண்ணு கிடந்தா என்ன ஆகும்னு யோசிங்க. தண்ணியில ஊற வச்சு மூடின தகர டின்ல போடுங்க, இல்லாட்டி வெளிய கொடியில ஒண்ணொண்ணா விரிச்சு காய விடுங்க.

காஞ்ச பொறகு அங்கங்க திட்டுத்திட்டா மங்கிப் போச்சு

பெயின்ட்ல இருந்த எண்ணெய அடி உறிஞ்சிடுச்சு, இல்லாட்டி டர்பன்டைன அதிகமா ஊத்தினீங்க. நல்லா காஞ்ச படம்னா லின்சீட் ஒயிலையும் டர்பன்டைனையும் பாதிக்குப் பாதி கலந்து துணியில தொட்டு மெல்லிசா தடவி, உடனே சுத்தத் துணியால துடைச்சு எடுத்துடுங்க. துடைக்காம விட்டா மஞ்சள் படலம் நிக்கும். இருட்டு திரும்ப வந்துடும், அதுக்குப் பொறகு அதுமேல வேலை செய்யலாம். கடைசி வார்னிஷ் ஆறு மாசத்துக்கு முன்னால வேணாம்.

படம் முழுக்க மஞ்சளாச்சுன்னா எங்க வச்சிருந்தீங்க? கட்டிலுக்குக் கீழயா? லின்சீட் இருட்டுல மஞ்சளாகும், வெளிச்சத்துல சில கிழமை வச்சா பெரும்பாலும் தெளிஞ்சிடும்.

தேயிலை மலை டவுன முழுங்குது, பச்சை கத்துது

விரிடியன்ங்கிற பச்சைய டியூப்ல இருந்து நேரா எடுத்திருப்பீங்க. அந்த டியூப்ப கொஞ்ச நாள் ஒளிச்சு வைங்க. ஐவரி கறுப்போட மஞ்சள் கலந்து பாருங்க, அழுத்தமான நல்ல பச்சை வரும், அல்ட்ரமரின் ஓக்கர்ல தூரத்துப் பச்சை. கொழுந்து எடுக்கிறதுக்கு முன்னால மலை இளமஞ்சளா இருக்கும், எடுத்த பொறகு கறுத்துடும், இந்த ரெண்டு துண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே மலை மலையா இருக்கும், பச்சைய ஏத்தத் தேவையில்ல. நிறம் சேறாகுதுன்னா மூணு டியூப்புக்கு மேல கலக்குறீங்க, இல்லாட்டி பிரஷ்ஷ துடைக்கல, வேற ரகசியம் இல்ல.

நுவரெலியா போஸ்ட் ஒபிஸ் மாதிரி 1894ல கட்டின செங்கல் கட்டடத்துக்கும் இதே நியாயம்தான். அந்தச் சிவப்பு போட்டோவுல கத்தும், நேர்ல பனிக்குள்ள பாத்தா லைட் ரெட்ங்கிற மண் சிவப்புல வெள்ளையும் ஒரு துளி அல்ட்ரமரினும் கலந்த சாந்தமான நிறம். கல்லு கல்லா வரையாதீங்க, ஒரு மூலையில நாலு கல்லு போட்டா மிச்சத்த கண்ணு கட்டிக்கும்.

மழையில நனைஞ்ச தகரமும் ரோடும் ஈரமாவே தெரியல

துருப்பிடிச்ச தகரம்னா மண்ணிறம்னு மூளை சொல்லும், கையும் பர்ன்ட் சியென்னாவ எடுக்கும். நனைஞ்ச தகரத்த மேல் ரோட்டுல இருந்து பாருங்க, அது வானத்தோட நிறம், பக்கத்துல இருக்கிற வெள்ளை செவுரவிட வெளிச்சமா கூட இருக்கும். துரு தெரியிறது ரெண்டு தகரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற எடத்துலயும், மேல் கூரை மறைக்கிற காஞ்ச பட்டியிலயும்தான். கூரைய வான நிறத்துல போட்டுட்டு துருவ அந்தக் கொஞ்ச எடத்துல மட்டும் வைங்க, மழை பெய்யும். நீலத் தரப்பாளும் அப்படித்தான், மடிப்புல மட்டும்தான் நீலம்.

ரோட்டுல பிரதிபலிப்பு ரோட்டுச் சரிவோட ஓடாது, நம்ம பக்கம் நேர் கீழ இறங்கும். இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ்ஸோட சிவப்ப ஈரத்துலயே பிரஷ்ஷால கீழ ஒரே இழுப்பு, பொறகு குறுக்க ரெண்டு மெல்லிசு தடவல். பிரதிபலிப்புல வர்ற கறுப்பு கொஞ்சம் வெளுக்கணும், வெள்ளை கொஞ்சம் இருளணும். சரியா அதே நிறத்த கீழயும் போட்டா கண்ணாடித் தரை மாதிரி ஆயிடும், தார் ரோடா இருக்காது.

கடை போர்ட் முன்னால துருத்திக்கிட்டு வருது, கரண்ட் கம்பி அசிங்கமா இருக்கு

போர்ட் எழுதி சாப்பிட்ட நானே சொல்றேன், படத்துல போர்ட் எழுதாதீங்க. சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூணையும் வாசிக்கிற மாதிரி எழுதினா கண்ணு அங்கயே நின்னு வாசிச்சிட்டுப் போயிடும், டவுன பாக்காது. சிங்கள எழுத்து உருண்டை உருண்டையா ஒரு வரி, தமிழ் எழுத்து கட்டம் கட்டமா ஒரு வரி, அந்தத் தாளம் வந்தா போதும். முதல்ல இது என் கைக்கு முடியல, கொம்பும் புள்ளியும் தானா விழுந்துடும், கண்ண பாதி மூடிக்கிட்டுத்தான் பழகினேன்.

கம்பிய ஈரத்துல போட்டா வானத்த கிழிச்சிக்கிட்டுப் போகும். காய விட்டு, நீள முடி வச்ச மெல்லிசான ரிகர் பிரஷ்ல தண்ணி மாதிரி தளர்ந்த பெயின்ட் எடுத்து, மூச்ச புடிச்சு ஒரே இழுப்பு. கறுப்பு வேணாம், வானத்தவிட ரெண்டு படி இருட்டான சாம்பல். நடுவுல விட்டு விட்டுப் போனாலும் கம்பி அறாது. பத்து கம்பி இருந்தா மூணு போடுங்க.

கேன்வஸ் தொய்ஞ்சு போச்சு, பின்னால பூஞ்சணம்

மழைக்கு கேன்வஸ் தொய்யிறது சாதாரணம். மூலையில உள்ள ஆப்ப மெல்லமா தட்டி இறுக்கலாம், ஆனா மழை நேரத்துல தபேலா மாதிரி இறுக்கிட்டா வெயில் வரும்போது இன்னும் இழுத்து பெயின்ட் வெடிக்கும், கை வச்சா லேசா அமுங்குற அளவோட விடுங்க. எனக்கு இப்ப துணிக்குப் பதிலா ஹாட்போர்ட் பலகைதான் பிடிக்குது, முன்னும் பின்னும் ஓரமும் சீல் பண்ணணும், ஒரு பக்கம் மட்டும் பூசினா வளைஞ்சு அப்பளமாயிடும்.

கடை போர்ட் எழுதுற எங்களுக்கு ஒரு பழக்கம், மிச்சம் இருக்கிற எனாமல அடிப்பூச்சா அடிக்கிறது. நான் அடிச்சேன். ஒரு வருசத்துல நகத்தால நோண்டினா தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு, வழவழப்புல ஒயிலுக்குப் பிடிமானமே இல்ல. செவுருக்கு அடிக்கிற மலிவு எமல்ஷனும் வேணாம், அது மாவு மாதிரி உதிரும். அடிப்பூச்சுக்குன்னே வர்ற அக்ரிலிக் ஜெசோ ரெண்டு மூணு கோட், நடுவுல லேசா எமரித் தாள். உரிய ஆரம்பிச்ச படத்துக்கு மருந்து இல்ல, போட்டோ எடுத்து வச்சிட்டு புது போர்ட்ல தொடங்குங்க. உரியாம வெடிப்பு மட்டும் விழுந்திருந்தா மேல் லேயர்ல எண்ணெய் குறைவு, கீழ அதிகம், அதாவது தலைகீழா போட்டிருக்கீங்க. கீழ டர்பன்டைன் கலந்து மெலிசா, மேல போகப் போக எண்ணெய் கூடணும்.

பூஞ்சணத்துக்கு, படத்த வெளிய எடுத்துட்டுப் போய், மூக்க கட்டிக்கிட்டு, காஞ்ச மெல்லிய பிரஷ்ஷால பின்பக்கத்த தட்டி விடுங்க, ஈரத்துணி போடாதீங்க, ஈரம்தான் அதுக்கு சோறு. கொஞ்ச நேரம் காத்தாட வச்சு, திரும்ப அதே செவுருல மாட்டும்போது பிரேமோட கீழ் ரெண்டு மூலைக்கும் பின்னால போத்தல் கார்க்க பாதியா வெட்டி ஒட்டிடுங்க, செவுருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போற இடைவெளி இருக்கும். மழைப்பக்கத்து செவுருன்னா மாட்டவே வேணாம், உள் தடுப்புல மாட்டுங்க.